வருடத்தில் பத்து நாள் காடு, மற்ற நாள் ஆன்லைன்: மாஸ்டர்ஸ் கேள்வி பதில்

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து மயாமி பல்கலைக்கழகத்தின் 'ப்ராஜெக்ட் டிராகன்ஃப்ளை' நடத்தும் குளோபல் ஃபீல்ட் ப்ரோக்ராமில் உயிரியல் மாஸ்டர்ஸ் முடித்தேன். அதைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அக்கா, வேலையை விடணுமா?

வேண்டாம். நான் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டேதான் படித்தேன். மூன்று கோடைகளில் மூன்று நாடுகள், ஒவ்வொன்றிலும் பத்து நாள் போல. மற்றதெல்லாம் ஆன்லைன்.

பத்து நாளில் என்ன கற்றுக்கொள்ள முடியும்? சுற்றுலா மாதிரி இருக்காதா?

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது, நமீபியா போகும்வரை. அங்கே 1990இல் லாரி மார்க்கர் தொடங்கிய, சிவிங்கிப்புலிகளைக் (சீட்டா) காக்கும் சீட்டா கன்சர்வேஷன் ஃபண்ட் அமைப்பில் தங்கினோம். ஆட்டைப் பிடிக்கிறது என்று பண்ணைக்காரர்கள் சிவிங்கிப்புலியைச் சுட்டுக்கொண்டிருந்த நாடு அது. இவர்கள் அனடோலியன் ஷெப்பர்ட் நாய்களை வளர்த்துப் பண்ணைகளுக்குக் கொடுக்கிறார்கள். குட்டியிலிருந்தே ஆட்டுப்பட்டியில் வளர்வதால் மந்தையைத் தன் குடும்பமாகவே நினைக்கும். ஒரு குட்டியைத் தூக்கினேன், அதன் மேல் ஆட்டு வாடைதான் அடித்தது! சிவிங்கிப்புலி சண்டைக்கு நிற்கிற விலங்கு இல்லை. பெரிய நாய் குரைத்தாலே ஒதுங்கிவிடும். ஆடும் பிழைக்கும், புலியும் பிழைக்கும். விலங்கைக் காப்பாற்ற முதலில் ஆட்டுக்காரரின் கஷ்டம் புரிய வேண்டும் என்பது எனக்கு அந்தப் பட்டியில்தான் உறைத்தது.

ஆன்லைன் பகுதி போரடிக்குமா?

என்னைக் கேட்டால் படிப்பின் உயிரே அதுதான். பயணத்துக்கு முன் வாசிப்பு, திரும்பியதும் உங்கள் ஊரில் நீங்களே ஒரு கேள்வி எழுப்பி, ஆராய்ந்து, செயலில் இறங்கும் 'இன்குயரி ஆக்‌ஷன் ப்ராஜெக்ட்'. எங்கள் பள்ளி ஜன்னல் கண்ணாடியில் மோதி விழும் பறவைகளை மாணவர்களோடு தினமும் காலையில் எண்ணினேன். அப்புறம், பறவைகள் கண்ணாடியைக் கண்டு விலகட்டும் என்று அதன் வெளிப்பக்கம் இரண்டு அங்குல இடைவெளியில் புள்ளிகள் ஒட்டி, மறுபடி எண்ணினோம். உள்ளங்கையில் ஒரு குருவி கனமே இல்லாமல் கிடந்ததைப் பார்த்த பிள்ளைகள், ஒரு நாள்கூட எண்ணத் தவறவில்லை.

இந்தியாவுக்கும் பயணம் உண்டா?

புனேயின் ஏ.இ.ஆர்.எஃப். என்ற சுற்றுச்சூழல் அமைப்போடு மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதிக்குப் போகும் பயணம் உண்டு. நம் கோயில்காடு போன்ற 'தேவ்ராய்'களைப் பார்ப்பார்கள். எந்த வருடம் எந்த நாடு என்பது மாறும், விசாரித்துக்கொள்ளுங்கள்.

செலவு?

கட்டணத்தோடு விமான டிக்கெட்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அது நம் கையிலிருந்துதான்.

இதை முடித்துவிட்டு பிஎச்.டி. போகலாமா?

தம்பி, இதில் ஆய்வேடு கிடையாது. கடைசியில் போர்ட்ஃபோலியோதான், அதாவது படிப்பில் செய்த வேலைகளின் தொகுப்புதான் கொடுக்க வேண்டும். ஆராய்ச்சிதான் உன் வழி என்றால், ஒரே இடத்தில் தங்கித் தரவு சேகரிக்கிற ஆய்வேட்டுப் படிப்பைத் தேடு. ஆசிரியர், உயிரியல் பூங்கா ஊழியர் போன்றவர்களுக்குத்தான் இது கச்சிதமாகப் பொருந்தும்.