எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள்: சிறப்புக் கல்வி பற்றிய கேள்விகளுக்கு ஒரு வக்கீலின் பதில்

திங்கட்கிழமை காலையில் தஞ்சாவூர் கலெக்டர் ஆபீஸுக்குப் போனால், குறைதீர் கூட்டத்துக்கு மனுவோடு நிற்கும் வரிசையில் மஞ்சப்பையை மார்போடு அணைத்தபடி சில தாய்மார்களைப் பார்க்கலாம். பைக்குள் பிள்ளையின் மருத்துவச் சீட்டுகள் இருக்கும். பள்ளிக்கூடத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் பத்து நிமிஷம் விடாமல் சொல்வார்கள். அதை எழுதித் தந்தார்களா என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். எனக்கு வந்திருக்கும் கேள்விகளில் பாதி அந்த இடத்தில்தான் நிற்கின்றன.

பையன் இரண்டாம் வகுப்பு, ஆட்டிசம். "மற்ற பிள்ளைகளுக்குத் தொந்தரவாக இருக்கிறது, தஞ்சாவூரில் ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்கள்" என்று பள்ளியில் டிசி வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். தனியார் பள்ளி. கையெழுத்துப் போடலாமா?
— ஒரு தாய், பாபநாசம்

போடாதீர்கள் அம்மா. டிசி கேட்டு நீங்களே கடிதம் கொடுத்துவிட்டால், நாளைக்கு எந்த அதிகாரி விசாரித்தாலும் "அவர்களாகத்தான் கூட்டிப் போனார்கள்" என்று அந்தக் கடிதத்தை நீட்டுவார்கள்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்புவரை, எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளி என்றால் அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டெல்டாவில் அப்படிப்பட்ட பள்ளிகள் நிறைய, அதனால் சொல்லி வைக்கிறேன். ஆனால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இருக்கிறது. அரசு நடத்தும் பள்ளி, அரசு நிதி பெறும் பள்ளி, அரசு அங்கீகாரம் மட்டும் பெற்ற பள்ளி எல்லாமே அதன் 16ஆவது பிரிவுக்குள் வந்துவிடும். பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், பிள்ளையின் தேவைக்கு ஏற்ற வசதி செய்து தர வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. 31ஆவது பிரிவில் இன்னொன்று இருக்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு, பக்கத்துப் பள்ளியோ சிறப்புப் பள்ளியோ, தான் விரும்பும் இடத்தில் இலவசமாகப் படிக்கும் உரிமை உண்டு. எந்தப் பள்ளி என்ற முடிவு உங்கள் வீட்டில் எடுக்க வேண்டியது. தலைமையாசிரியர் அறையில் எடுக்க வேண்டியதில்லை.

சரி, இதையெல்லாம் நேரில் போய்ச் சொல்லிச் சண்டை போட வேண்டாம். ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். எந்தத் தேதியில், யார், என்ன சொன்னார்கள் என்று அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். டிசி வாங்க எனக்கு விருப்பமில்லை என்று ஒரு வரி. அதற்கு அப்புறம், பையனுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். இந்தப் பகுதியைத்தான் பெரும்பாலான பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். "நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய முடியாது. அன்றைய பாட வேளைகளைப் படமாக ஒட்டி வைப்பது, சத்தம் அதிகமானால் ஐந்து நிமிஷம் வெளியே உட்கார இடம், எழுதுவதற்குப் பதிலாக வாயால் சொல்ல அனுமதி என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

கும்பகோணம் பக்கம் ஒரு பள்ளிக்கு ஒரு தாயோடு போயிருந்தேன். பையன் தினமும் நாலைந்து தடவை அலறுகிறான் என்பது புகார். வகுப்பில் போய் உட்கார்ந்து பார்த்தோம். அவன் இடம் ஜன்னலோரம், ஜன்னலுக்கு வெளியே பள்ளி மணி. மணி அடிக்கும்போதெல்லாம்தான் அலறினான். எதிர்ச் சுவர் பக்கம் இடம் மாற்றிய பிறகு அலறல் வெகுவாகக் குறைந்தது. அன்றைக்கு நான் சட்டத்தில் ஒரு பிரிவைக்கூடச் சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகளை ஒற்றை ஆளாகச் சமாளிக்கும் டீச்சருக்கு அதைக் கவனிக்க நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். டீச்சரை எதிரியாக நினைத்துக்கொண்டு பள்ளிக்குள் போகாதீர்கள்.

கடிதத்தின் நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பதினைந்து நாளில் வழி பிறக்காவிட்டால், தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு அந்த நகலோடு மனு கொடுங்கள். அதுவும் நகராவிட்டால் சென்னையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதுங்கள். ஆட்களை வரவழைக்கவும் ஆவணம் கேட்கவும் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் உண்டு. அந்த மனுவை எழுத வக்கீல் கட்டாயமில்லை. உங்கள் கையெழுத்தில் தமிழில் எழுதினால் போதும்.

மகளுக்குக் கற்றல் குறைபாடு. சான்றிதழில் 40க்குக் கீழே போட்டுவிட்டார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்காதா?
— ஒரு தந்தை, மயிலாடுதுறை

40 சதவீதம் என்பது இட ஒதுக்கீடு போன்ற சில உரிமைகளுக்கான கோடு. தேர்வு எழுத ஏற்ற வசதி கேட்க அந்தக் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டியதில்லை. விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. எழுதும்போது கை இறுகிப்போகும் கோளாறு உள்ளவர் அவர். குடிமைப் பணித் தேர்வுக்கு, சொல்வதை எழுத ஒருவர் வேண்டும் என்று கேட்டார், மறுக்கப்பட்டது, வழக்கில் வென்றார். உங்கள் மனுவில் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள்.

விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாகத்தான் கல்வித் துறைக்குப் போக வேண்டும். பொங்கல் முடிந்து கேட்டால் நேரம் போதாது. மேட்டூர் அணை திறக்கும் ஜூன் மாதத்திலேயே, பள்ளி திறந்த முதல் வாரத்தில் கொடுத்துவிடுங்கள். காலாண்டுத் தேர்வுக்கும் அதே வசதியைக் கேளுங்கள், மகளுக்கும் பழக்கமாகும்.

கும்பகோணத்தில் இருக்கிறேன். மகன் அமெரிக்காவில். பேரனுக்காகப் பள்ளியோடு பேச ஒரு "அட்வகேட்" வைத்திருக்கிறானாம். கோர்ட்டு வரைக்கும் போய்விட்டதா என்று ராத்திரி தூக்கமில்லை.
— ஒரு தாத்தா

ஐயா, கவலையை விடுங்கள். நம் ஊரில் அட்வகேட் என்றால் கறுப்புக் கோட்டு. அங்கே சிறப்புக் கல்வி விஷயத்தில் அந்தச் சொல்லுக்குப் பெற்றோருக்குத் துணையாக வந்து பேசுபவர் என்று பொருள். பெரும்பாலும் வக்கீலாக இருக்க மாட்டார்கள். தன் பிள்ளைக்காகப் போராடிப் பழகிய தாயாகவோ ஓய்வுபெற்ற ஆசிரியையாகவோ இருக்கலாம்.

அந்த நாட்டில் இதற்கான சட்டம் 1975லேயே வந்துவிட்டது. தகுதியுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐஇபி என்று ஒரு திட்டம் எழுத வேண்டும். பிள்ளை இப்போது எந்த நிலையில் இருக்கிறான், ஒரு வருஷத்தில் எதை எட்ட வேண்டும், அதற்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் எந்தப் பயிற்சி என்றெல்லாம் அதில் இருக்கும். அதை எழுதும் குழுவில் பெற்றோரும் ஓர் உறுப்பினர். பிள்ளையைப் பற்றி அறிந்த யாரையும் துணைக்கு அழைத்துப் போகலாம், ஆங்கிலம் தடையென்றால் மொழிபெயர்ப்பாளரைப் பள்ளிதான் ஏற்பாடு செய்ய வேண்டும். அட்வகேட் அறிக்கைகளைப் படித்து, பள்ளி விட்ட இடத்தைக் காட்டி, கூட்டத்தில் மகன் பக்கத்தில் உட்காருவார். பேச்சில் முடியாவிட்டால்தான் முறையான விசாரணை, அப்போதுதான் வக்கீல். மகனிடம் இரண்டு விஷயம் மட்டும் சொல்லுங்கள். அட்வகேட் என்று சொல்லிக்கொள்ள அங்கே உரிமம் தேவையில்லை, அதனால் முன் அனுபவத்தையும் கட்டணத்தையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளட்டும். கூட்டத்தில் நீட்டும் திட்டத்தில் அன்றைக்கே கையெழுத்துப் போடாமல், வீட்டுக்குக் கொண்டுவந்து படிக்கட்டும்.

எனக்கு இதில் ஓர் ஏக்கம் உண்டு. அதுபோல ஓர் ஆவணம் நம் பிள்ளைகளின் கையில் உரிமையாக இன்னும் வரவில்லை. ஆனாலும் நம் சிறப்புப் பயிற்றுநர்கள் பிள்ளைவாரியாகத் தனிக் கல்வித் திட்டம் எழுதுவது வழக்கம்தான். அதைக் காட்டச் சொல்லி ஒரு நகல் கேளுங்கள் என்று இங்குள்ள பெற்றோருக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்குச் சிறப்பு டீச்சர் மாதத்தில் இரண்டு நாள்தான் வருகிறார். அவரைக் குறை சொல்ல மனசில்லை.
— திருத்துறைப்பூண்டி

சொல்லவும் வேண்டாம். ஒருவரே பல பள்ளிகளுக்குப் பஸ் மாறி மாறிப் போகிறார். தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்பது அரசு வகுத்த அளவு. ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில், அதற்கேற்ற பணியிடங்களை உருவாக்கி நிரப்பும்படி மாநிலங்களுக்கு 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கல்வித் துறையின் வட்டார வள மையத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டு, இந்த ஒன்றியத்தில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் எத்தனை பேர், சிறப்புப் பயிற்றுநர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்த இரண்டு எண்களோடு போகும் மனுவுக்குத் தனி பலம் உண்டு.

வக்கீல் வைக்கக் காசில்லை.
— பெயர் வேண்டாம், நாகப்பட்டினம்

பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் மூவருக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987ஆம் ஆண்டின் சட்டப்படி. மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்குப் போன் செய்யுங்கள். உயர் நீதிமன்றம்வரை போக நேர்ந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். தஞ்சாவூர், திருச்சி மாவட்டத்துக்காரர்களுக்கு மதுரைக் கிளை. நாகை, திருவாரூர், மயிலாடுதுறைக்குச் சென்னை.

வீட்டில் மாமியாரும் அவரும் பிள்ளைக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ், அட்டை வாங்கக் கூடாது என்கிறார்கள். "முத்திரை குத்தின மாதிரி ஆயிடும், நாளைக்குக் கல்யாணம் காட்சி இருக்கு" என்கிறார்கள்.
— மன்னார்குடி

அவர்கள் பயப்படுவது பிள்ளை மேலுள்ள பாசத்தால்தான். அந்தப் பயத்தை மதித்தே பேசுங்கள். என் அக்கா வீட்டிலும் இதே பேச்சு இரண்டு வருஷம் ஓடியது. அந்த இரண்டு வருஷமும் பையன் கடைசி பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தான். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. அட்டை உங்கள் பீரோவில் இருக்கப்போகிறது, பிள்ளை கழுத்தில் தொங்கப்போவதில்லை. ஆனால் அது இல்லாமல் உதவித்தொகை, பயணச் சலுகை எல்லாம் கைக்கு வராது. மாமியாரையும் ஒரு நாள் மருத்துவ முகாமுக்கு உடன் அழைத்துப் போய்ப் பாருங்கள். அங்கே வந்திருக்கும் மற்ற பாட்டிகளோடு அவர் பேசட்டும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நடவு வேலை. சின்ன மகளைப் பற்றிப் பேசப் பள்ளியில் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் என்ன பேசுவது? (மகளின் அக்கா எழுதித் தந்தது)
— ஒரத்தநாடு

வேலை நாளில் வைத்தால் கூலி போகும், வேறு நாள் தாருங்கள் என்று முதலில் கேளுங்கள், அது நியாயமான கோரிக்கை. பெரிய மகளை உடன் கூட்டிப் போங்கள். யார் என்ன ஒப்புக்கொண்டார்கள் என்று அவள் ஒரு நோட்டில் எழுதி, கடைசியில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கட்டும். மனு எழுத ஆள் இல்லையென்றால் சட்டப்பணிகள் குழுவின் தன்னார்வலர்கள் எழுதித் தருவார்கள். பேச வேண்டியது உங்களுக்குத் தெரிந்ததுதான் அம்மா. மகள் வீட்டில் எதைத் தானாகச் செய்கிறாள், எதற்குப் பயப்படுகிறாள், எந்தப் பாட்டுக்குச் சிரிக்கிறாள், யார் சொன்னால் கேட்கிறாள். சின்ன மகளின் பெயரோடு இவற்றை அப்படியே சொல்லுங்கள், பெரியவள் நோட்டின் முதல் பக்கத்தில் அதை எழுதிக்கொள்ளட்டும்.