காபியை மறுத்த பையனும் கையில் வாங்காத பணமும்

கேள்வி: ஓஹாயோவில் ஹோம்ஸ் கவுன்ட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். என் கணவர் கணக்குப் பார்க்கும் மரச்சாமான் பட்டறையில் வேலை செய்யும் 22 வயதுப் பையன், ஆமிஷ் (பழைய முறைப்படி ஒதுங்கி வாழும் கிறிஸ்தவச் சபை) வீட்டை விட்டு வெளியே வந்து, ஒன்றரை வருடமாக எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறான். என் பிள்ளை மாதிரிதான். இரண்டு மாதமாக, வெள்ளைச் சட்டையும் கறுப்பு பேட்ஜும் போட்டு, மார்மன் என்ற வேறொரு சபையைப் பரப்ப வரும் இரண்டு பையன்கள் அவனைப் பார்க்க வந்து போகிறார்கள். அடுத்த மாதம் ஞானஸ்நானமாம். நான் கட்டாயம் வர வேண்டுமாம். தினமும் என் கையால் ஃபில்டர் காபி வாங்கிக் குடித்தவன் இப்போது டம்ளரைத் தொடுவதில்லை. அவன் அம்மா சாலையோரக் கடையில் ஜாமும் ரொட்டியும் விற்கிறார். போன வாரம் அங்கே போனோம். அவன் நீட்டிய பணத்தை அந்த அம்மா கையில் வாங்காமல், மேஜைமேல் வைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. “எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி” என்கிறார் என் கணவர். இதை நான் தடுக்க வேண்டாமா? போனால் அந்த அம்மா என்னைச் சபிக்க மாட்டாரா?

பதில்: அந்த மேஜையிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த ஒரு விஷயம்தான் மற்ற எல்லாவற்றையும் எனக்குச் சொன்னது.

அந்த அம்மா கோபத்தில் அப்படிச் செய்யவில்லை. ‘மைடுங்’ என்பார்கள், விலக்கி வைத்தல். விலக்கப்பட்டவருக்குக் கொடுக்கலாம், அவர் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது. ஒரே மேஜையில் சேர்ந்து சாப்பிடக் கூடாது. ஆனால் ஞானஸ்நானம் எடுக்காமல் வெளியேறிய பிள்ளைகளுக்கு இந்த விலக்கு கிடையாது. அப்படியென்றால் உங்கள் பையன் ஆமிஷ் சபையில் ஞானஸ்நானம் எடுத்த பிறகுதான் வெளியே வந்திருக்கிறான் என்று நினைக்கிறேன். அவனிடமே கேளுங்கள். ஒன்றரை வருடமாக உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தால், அவனுக்கு உள்ளே அறுத்துக்கொண்டிருப்பது அதுதான்.

அந்த ஞானஸ்நானம் சாதாரண வாக்கு இல்லை. 1632-இல் எழுதிய விசுவாச அறிக்கையின் 18 பகுதிகளையும் வகுப்பாகப் படித்துவிட்டு, சபை முன்னால் முழங்காலிட வேண்டும். பிஷப் தலைமேல் கையைக் குவிக்க, டீக்கன் அதில் தண்ணீர் ஊற்றுவார். சாகும்வரை இந்தச் சபையில் இருப்பேன் என்பதுதான் அதன் பொருள். 1693-இல், ஆமிஷ் என்ற பெயருக்கே காரணமான யாக்கோப் அம்மான் தன் கூட்டத்தாரோடு பிரிந்து வந்ததே, இந்த விலக்கைக் கறாராகக் கடைப்பிடிக்க வேண்டும் என்ற சண்டையில்தான். கறாரிலும் வழி கண்டுபிடிப்பார்கள். சில வீடுகளில் இரண்டு மேஜைகளை விரற்கடை இடைவெளி விட்டுப் போட்டு, மேலே ஒரே விரிப்பை விரித்துவிடுவார்கள். சட்டமும் கெடவில்லை, பிள்ளையும் பக்கத்தில். அந்த விரிப்பை விரிப்பது அநேகமாக அம்மாவாகத்தான் இருக்கும்.

ஆகவே, ‘மார்மன் ஆகிவிட்டால் அம்மாவை இழந்துவிடுவானே’ என்ற பயம் உங்களுக்கு வேண்டாம். இழக்க வேண்டியதை அவன் ஏற்கெனவே இழந்திருக்கிறான். சில ஆமிஷ் வட்டாரங்களில், வெளியேறியவர் மென்னனைட் மாதிரி ஆயுதம் எடுக்காத ஒரு சபையில் சேர்ந்தால் விலக்கைத் தளர்த்துவார்கள். மார்மன் சபைக்கு அந்தச் சலுகை கிடைக்காது. இந்த ஒன்று அவனுக்குத் தெரியுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவரின் பழமொழியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆமிஷ் மக்கள் 4 லட்சத்தை ஒட்டி இருக்கிறார்கள். பிள்ளைகளில் பெரும்பாலோர் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட கூட்டத்திலிருந்து தனியாக வந்தவனுக்குச் சாயங்காலங்கள் எவ்வளவு நீளமாக இருக்கும் என்று யோசியுங்கள். சம்பளம் வாங்காத பிஷப், நிறையக் குழந்தைகள், வீடு மாறினால் சாமான் தூக்க வரும் பத்துப் பேர் என எல்லாம் மார்மன் சபையிலும் உண்டு. அந்தச் சபை தொடங்கியதே, 1830 ஏப்ரல் 6-இல், பென்சில்வேனியா ஜெர்மானிய வம்சத்து விட்மர் குடும்பத்தின் வீட்டில்தான். உங்கள் ஓஹாயோவின் கிர்ட்லாண்டில்தான் 1836-இல் முதல் கோயிலைத் திறந்தார்கள். தவிர, வந்து போகும் அந்தப் பையன்களும் வீட்டை விட்டுத் தூரத்தில் கிடக்கிறவர்கள், இவன் வயதை ஒட்டியவர்கள். ஒட்டிக்கொண்டதில் என்ன ஆச்சரியம்?

எனக்குக் கவலை வேறு இடத்தில். அந்த மிஷனரிப் பையன்களை ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றும் வழக்கம் உண்டு. ஞானஸ்நானத்துக்கு அடுத்த வாரமே இருவரில் ஒருவன் வேறு ஊரில் இருக்கலாம். இவன் சபையை நம்பிச் சேர்கிறானா, அந்த இரண்டு நண்பர்களை நம்பியா? அவர்கள் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் செய்யக்கூடிய ‘தடுப்பு’ இவ்வளவுதான். அதற்கு மேல் வாதாடினால் நாளைக்கு உங்கள் படியிலும் ஏற மாட்டான்.

சேர்வதற்கு முன்னால் அவன் வாய்விட்டுக் கேட்க வேண்டியவை சில உண்டு. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை. பைபிளோடு மார்மன் புத்தகமும் வேதம். பிதாவுக்கு மனிதனைப் போல உடல் உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. ஆமிஷ் பையனுக்கு இது ஜீரணிக்கக் கஷ்டம். போருக்குப் போவது பாவம் என்று வளர்ந்தவன், ராணுவத்தில் இருப்பவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும். கோயிலில் கல்யாணம் செய்தால், சபையில் சேராதவர்கள் சடங்கு நடக்கும் அறைக்குள் போக முடியாது. பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்ளும் நீங்களும் வெளியேதான். முதலில் வெளியே கல்யாணம் செய்தால் கோயிலுக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்ற விதியை 2019-இல் எடுத்துவிட்டார்கள். அந்த வழி இருக்கிறது.

காபி. உங்கள் கடிதத்தில் இருக்கும் வருத்தத்தில் பாதி இதுதான் என்று எனக்குச் சந்தேகம்! அவன் உங்களை ஒதுக்கவில்லை. 1833-இல், மார்மன் சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித் அறிவித்த விதிப்படி காபி, டீ, மது, புகையிலை எதுவும் கூடாது. ஆமிஷ் வீடுகளில் காபி தாராளமாக ஓடும், ஆகவே அவனுக்கும் இது சுலபமாக இருந்திருக்காது. சுக்குமல்லி போட்டுக் கொடுங்கள். ஆனால் ‘சுக்குக் காப்பி’ என்று சொல்லித் தொலைக்காதீர்கள். அதில் காபித்தூள் இல்லை என்று விளக்கவே அரை மணி ஆகும்.

ஞானஸ்நானத்துக்குப் போங்கள். போனதால் நீங்கள் மதம் மாறிவிட மாட்டீர்கள். உங்களையும் படிக்கக் கூப்பிட்டால், “வேண்டாம்பா” என்று ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னால் போதும். வெள்ளை உடையில் தொட்டிக்குள் இறக்கி, முழுக்க அமிழ்த்துவார்கள். கால் விரல் மேலே தெரிந்தாலும் மறுபடி முதலிலிருந்து. ஒன்று கவனித்தீர்களா? வளர்ந்தவர்களுக்கு இரண்டாம் தடவை ஞானஸ்நானம் கொடுத்ததற்காகத்தான் ஆமிஷ் முன்னோர்களை 1525-க்குப் பிறகு சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் வேட்டையாடினார்கள். அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸை 1527-இல் ஆற்றில் அமிழ்த்தியே கொன்றார்கள். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் இப்போது இரண்டாம் தடவை தண்ணீருக்குள் இறங்கப் போகிறான். இது அவன் மனதில் ஓடாமல் இருக்காது. அன்றைக்கு அதிகம் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

போட்டோ எடுத்து எங்கும் போட வேண்டாம். செய்தி அவன் அம்மாவுக்கு உங்கள் போன் வழியாகவோ கடைக்கு வருகிறவர்கள் வாயாலோ போகக் கூடாது. அவனே காகிதத்தில், தன் கையால் கடிதம் எழுதட்டும். அந்த வீடுகளில் கடிதத்துக்கு இன்னும் மரியாதை உண்டு. நீங்கள் வழக்கம்போல ஜாம் வாங்கப் போங்கள். உங்களை யாரும் விலக்கி வைக்கவில்லை. உங்கள் கையிலிருந்து அந்த அம்மா பணம் வாங்குவார். பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டால், நன்றாகச் சாப்பிடுகிறான், வேலைக்கு ஒழுங்காகப் போகிறான் என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியிருப்பான். 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஆமிஷ் பெற்றோருக்குக் கொடுத்த அனுமதி அது. சோஷியல் செக்யூரிட்டி எண் (வேலைக்கும் வரிக்கும் கேட்கும் அரசு எண்) இருக்கிறதா, பள்ளி இறுதிக்குச் சமமான தேர்வு எழுதும் எண்ணம் உண்டா என்று உங்கள் கணவரை ஒரு சாயங்காலம் உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள். கொள்ளிகளை எடைபோடும் நேரத்தில் அந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கலாம்.