சொந்த லாரிக்குக் கடன்: கேட்டவர்களுக்குப் பதில்

நாமக்கல்லில் எட்டு வருடம் டிரைவராக ஓடிவிட்டு அப்புறம் சொந்த வண்டி வாங்கியவன் நான். மூன்று லாரிக் கடன்களைக் கட்டி முடித்திருக்கிறேன். ஒற்றை வண்டி வைத்துப் பிழைக்க நினைப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

திருச்செங்கோடு, டிரைவர்: அண்ணே, பத்து வருடமாக அடுத்தவர் வண்டி ஓட்டுகிறேன். கையில் 4 லட்சம் இருக்கிறது. பழைய வண்டி எடுக்கலாமா?

எடுக்கலாம் தம்பி. ஆனால் 4 லட்சத்தையும் முன்பணமாகக் கொடுத்துவிடாதீர்கள். வண்டி வந்த முதல் மாதமே இரண்டு டயர் கேட்கும், இன்சூரன்ஸ் கேட்கும், முதல் டிரிப்புக்கு டீசல் கேட்கும். ஒன்றரை லட்சமாவது கையில் நிற்கட்டும். அதற்குத் தக்க விலையில் வண்டி பாருங்கள்.

அடுத்து வண்டியின் வயது. இரண்டு ஆக்சில் (சக்கர அச்சு) லாரிக்கு 12 வருடத்துக்கு மேல் நேஷனல் பர்மிட், அதாவது வெளி மாநிலம் ஓட்டுவதற்கான அனுமதி, கிடையாது. இரண்டுக்கு மேல் அச்சு உள்ள மல்டி ஆக்சிலுக்கு 15 வருடம். ஒன்பது வருடம் ஓடிய இரண்டு ஆக்சில் வண்டியை நான்கு வருடத் தவணையில் எடுத்தால், கடைசி வருட டியூவை (மாதத் தவணையை) வெளி மாநில லோடு இல்லாமல் கட்ட வேண்டியிருக்கும். இதைப் பார்க்காமல் மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்ட வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விலை பேசும்போது இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் புது லாரிக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. புது வண்டி விலை இறங்கியிருக்கும்போது பழைய வண்டிக்கு முன்பு இருந்த விலையையே கொடுக்கக் கூடாது. துணிந்து குறைத்துக் கேளுங்கள்.

தூத்துக்குடி: ஃபைனான்ஸில் 8 சதவீதம் என்கிறார்கள், பேங்கில் 11 என்கிறார்கள். 8தானே குறைவு?

இல்லைங்க. அந்த 8 பெரும்பாலும் ஃபிளாட் வட்டியாக இருக்கும். நீங்கள் பாதிக் கடனை அடைத்த பிறகும் முழுத் தொகைக்கே வட்டி ஓடும். 20 லட்சம், நான்கு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளாட் 8 என்றால் வட்டி 6 லட்சத்து 40 ஆயிரம், மாத டியூ 55,000. அசல் குறையக் குறைய வட்டியும் குறைகிற கணக்கில் 11 சதவீதம் என்றால் டியூ ஏறக்குறைய 51,700தான். மொத்தத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் மிச்சம். குறையும் வட்டிக் கணக்கில் பார்த்தால் அந்த 8 சதவீதம் 14-க்கும் மேலே போய் நிற்கிறது.

2024 அக்டோபர் 1-க்குப் பிறகு கொடுக்கும் கடனுக்கு, எல்லாச் செலவும் சேர்த்த வருடாந்திர விகிதத்தைப் போட்டு ஒரு விவரத்தாள் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. உங்களுக்குப் புரியும் மொழியிலேயே கேளுங்கள். இரண்டு இடத்துத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

சங்ககிரி: அண்ணா, வீட்டுக்காரர் ஓட்டுகிறார், கணக்கு நான் பார்க்கிறேன். மாதம் எவ்வளவு டியூ தாங்கும்?

நோட்டில் எழுதுகிற பழக்கம் இருக்கிறதல்லவா, அதுவே பாதி பலம் தங்கச்சி. நல்ல மாதத்து வாடகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். போன வருடத்தில் லோடு கிடைக்காமல் வண்டி ஷெட்டில் நின்ற மாதம் எது என்று பாருங்கள். அந்த மாதத்தில் டீசல், டோல், டிரைவர் படி, புரோக்கர் கமிஷன் எல்லாம் போக மிஞ்சியதை டியூவுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். துண்டு விழும் தொகை எவ்வளவோ, அதைப்போல் மூன்று மடங்கு கையிருப்பு இருந்தால்தான் அந்த டியூ தாங்கும். இல்லையென்றால் முன்பணத்தைக் கூட்டுங்கள், அல்லது சின்ன வண்டி எடுங்கள்.

மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 4 கிடைத்தால் 2,000 லிட்டர். டீசல் இரண்டு ரூபாய் ஏறினாலே 4,000 போய்விடும். டயருக்கு என்று டிரிப்புக்கு டிரிப் தனியாக எடுத்து வையுங்கள், அதில் மட்டும் கை வைக்காதீர்கள். டியூ தேதியும் முக்கியம். பாக்கி வாடகை லோடு இறக்கின ரசீது கொடுத்த பிறகுதான் வரும். உங்களுக்கு லோடு கொடுக்கிற பார்ட்டி எந்தத் தேதியில் பணம் போடுகிறாரோ, அதற்கு ஐந்து நாள் கழித்து டியூ தேதி கேளுங்கள். கடன் போடும்போது கேட்டால் மாற்றித் தருவார்கள்.

கரூர்: சேசிஸ் (பாடி இல்லாத வெறும் அடிச்சட்ட வண்டி) எடுத்துப் பாடி கட்டப் போகிறேன். கவனிக்க வேண்டியது?

முதல் டியூ தேதி. பட்டறையில் வண்டி வெறும் சேசிஸாக நிற்கும், பின்னால் மரமும் தகடும் ஏறிக்கொண்டிருக்கும், இங்கே வட்டி ஓட ஆரம்பித்திருக்கும். பாடி முடிந்து, ரிஜிஸ்ட்ரேஷன், பர்மிட் எல்லாம் வந்து முதல் லோடு ஏற்ற எவ்வளவு நாள் ஆகும் என்று பட்டறைக்காரரிடம் கேட்டுவிட்டு, முதல் டியூவை அதற்குப் பிறகு வருகிற மாதிரி எழுதச் சொல்லுங்கள். பாடிக் கூலியும் கடனில் சேருமா என்பதை முன்கூட்டியே பேசுங்கள். சேரவில்லை என்றால் அதற்குக் கைமாற்று வாங்கி, அந்த வட்டியில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

மதுரை: ஒருவர் கடனில் இருக்கும் தன் லாரியை, பாக்கி டியூவை மட்டும் கட்டி ஓட்டிக்கொள்ளச் சொல்கிறார். பேர் அப்புறம் மாற்றலாமாம்.

வேண்டாம். நாற்பது டியூ நீங்கள் கட்டினாலும் ஆர்.சி. (வண்டிப் பதிவுச் சான்று) அவர் பேரில்தான் இருக்கும். அவருடைய வேறு கடனுக்காக வண்டியில் கை வைத்தால் உங்களால் பேச முடியாது. அவருக்கும் ஆபத்துதான். விபத்து நஷ்டஈட்டு வழக்கில், பதிவில் யார் பேர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடன் கொடுத்த இடத்துக்கு இரண்டு பேரும் போய், கடனையும் ஆர்.சி.யையும் உங்கள் பேருக்கு மாற்றிக் கேளுங்கள். அவர் அதற்கு வரத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

சேலம்: இரண்டு டியூ பாக்கி. ரோட்டில் மறித்து எடுத்துவிடுவார்களா?

ஒப்பந்தத்தில் எடுக்க உரிமை எழுதியிருப்பார்கள். ஆனால் முன்னறிவிப்பு தர வேண்டும், விற்பதற்கு முன்னாலும் கடைசி வாய்ப்புத் தர வேண்டும். அடியாள் வைத்துப் பிடுங்கக் கூடாது என்று 2007-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காலை 8-க்கு முன்னும் இரவு 7-க்குப் பின்னும் டியூ கேட்டுப் போன் செய்யக் கூடாது. இதெல்லாம் உங்கள் பக்கம் இருக்கிறது. ஆனாலும் போனை எடுக்காமல் ஒளிவதுதான் பெரிய தப்பு. நாளைக்கே ஆபிசுக்குப் போய் ஒரு டியூவாவது கட்டி, மிச்சத்துக்குத் தேதி எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள்.

ஈரோடு: கடைசி டியூ கட்டிவிட்டேன். இனி என்ன?

ஃபைனான்ஸிடம் என்.ஓ.சி.யும் (பாக்கி இல்லை, ஆட்சேபணை இல்லை என்ற சான்று), கடன் முடிந்ததைச் சொல்லும் கையெழுத்திட்ட ஃபார்ம் 35-ம் வாங்கி, ஆர்.டி.ஓ.வில் ஆர்.சி.யிலிருந்து ஃபைனான்ஸ் பேரை நீக்குங்கள். இன்சூரன்ஸிலும் நீக்க வேண்டும். என் முதல் வண்டிக்கு எல்லாம் கட்டிவிட்டு என்.ஓ.சி. கேட்டேன், தரவில்லை. நண்பர் வண்டிக்கு நான் போட்ட ஜாமீன் கையெழுத்து அதே கம்பெனியில் இருந்தது. அவர் நான்கு டியூ பாக்கி. என் வண்டி பதினொரு மாதம் விற்க முடியாமல் நின்றது. நீங்கள் யாருக்காவது ஜாமீன் போட்டிருந்தால், என்.ஓ.சி. கேட்கப் போவதற்கு முன் அந்தக் கணக்கில் பாக்கி இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். கொடுத்து வைத்த காலி செக்குகளையும் எண்ணித் திரும்ப வாங்குங்கள்.