காதை நம்பி எழுதினால் ஆங்கிலம் கைவிடும்

கேள்வி: ஆங்கிலத்தில் பேசச் சமாளித்துவிடுகிறேன். எழுதினால்தான் எழுத்துப்பிழை. ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களில் எது எங்கே வரும் என்பதிலும் குழப்பம். பட்டியல் போட்டுப் பாடமாக்கியும் நிற்கவில்லை. என்ன செய்யலாம்?

முதலில் அந்தப் பட்டியலை எடுத்து ஓரமாக வையுங்கள். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் விடும் பிழைகளைப் பார்த்துத் தொகுத்தவை. நாம் விடும் பிழைக்குக் காரணம் வேறு. யாழ்ப்பாணத்தில் தட்டச்சும் போட்டோக்கொப்பியும் செய்யும் ஒரு கடையில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். வேலை விண்ணப்பம், பாடசாலைக்குக் கொடுக்கும் கடிதம், பற்றுச்சீட்டுப் புத்தகம், சிறப்பு மலருக்கு விளம்பரம் என்று ஊரின் ஆங்கிலம் எல்லாம் எங்கள் மேசையைக் கடந்துதான் போகிறது. அங்கே கண்டதை வைத்துத்தான் இந்தப் பதில். ஆங்கில எழுத்துகளை அவற்றின் பெயராலேயே சொல்லிக்கொண்டு போகிறேன். நீங்களும் வாய்விட்டு எழுத்துக்கூட்டிப் பாருங்கள். கண்ணால் மேய்ந்தால் நிற்காது.

நமக்குக் காது கூர்மை. தமிழில் சொல்வதெழுதுதல் என்றால் ஆசிரியர் சரியாகச் சொன்னால் பிள்ளை ஏறக்குறையச் சரியாக எழுதிவிடும். ல, ள, ழ குழப்பம் இருக்கிறதுதான். அங்கும் நாக்கைத் திருத்தினால் கை தானாகத் திருந்தும். ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதும்போதும் எங்கள் ஆட்கள் காதைத்தான் கேட்டார்கள். தமிழ்நாட்டில் 'டயர்', 'டிக்கெட்' என்று எழுதுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் 'ரயர்', 'ரிக்கற்' என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. இந்தியாவிலிருந்து வருபவர்கள் பலகையைப் பார்த்து 'ரயரா?' என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த ஆங்கில ஒலி நுனிநாவில், எங்கள் 'ற்ற'வுக்குப் பக்கத்தில் பிறக்கிறது என்பதைக் கேட்டுணர்ந்து எழுதிய எழுத்து அது.

அதே காதை நம்பி ஆங்கிலத்தை எழுதும்போதுதான் கவிழ்கிறோம். வில்லியம் காக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்தில் முதல் அச்சுக்கூடத்தை அமைத்தார். அச்சுக்கு வந்த பிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்துபோனது. உச்சரிப்போ உறையவில்லை, அதற்கு முன்னும் பின்னுமாகச் சில நூற்றாண்டுகளில் நெட்டுயிர்கள் எல்லாம் இடம் மாறிவிட்டன. 'நைட்' என்ற வீரனின் முன்னால் நிற்கும் 'கே' ஒரு காலத்தில் வாயிலும் ஒலித்தது. இன்று எழுத்தில் மட்டும் நிற்கிறது. போதாக்குறைக்கு, லத்தீன் படித்தவர்கள் உள்ளே புகுந்து ஒலிக்காத எழுத்துகளையும் வேண்டுமென்றே செருகினார்கள். கடனைக் குறிக்கும் 'டெட்' பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் 'பீ' கிடையாது. லத்தீன் மூலத்தில் இருக்கிறதே என்று 'பஸ்'ஸின் முதலெழுத்தான 'பீ'யைக் கொண்டுவந்து நடுவில் நட்டார்கள்.

அதனால் ஆங்கிலச் சொல்லிடம் 'எப்படி ஒலிக்கிறாய்' என்று கேட்டுப் பயனில்லை. ஊரில் புதுமுகம் ஒன்றைக் கண்டால் 'ஆருடைய பிள்ளை?' என்று கேட்போமே, அந்தக் கேள்வியைக் கேளுங்கள். 'டெட்' யாருடைய ஆள்? வங்கி அட்டையில் இருக்கும் 'டெபிட்'டின் ஆள். அங்கே அந்தப் 'பீ' வாய்விட்டு ஒலிக்கிறது. இங்கே மௌனமாக இருக்கிறது, அவ்வளவுதான். கையெழுத்திடும் 'சைன்' என்ற சொல்லில் 'ஜீ' எதற்கு என்று தெரியாவிட்டால் 'சிக்னேச்சர்' என்று சொல்லிப் பாருங்கள். 'கிராமர்' என்ற சொல்லின் முடிவில் 'ஈ' வருமா 'ஏ' வருமா என்று தடுமாறினால் 'கிரமாட்டிக்கல்' பதில் சொல்லும்: 'ஏ'. 'டெஃபினிட்' என்பதில் 'ஐ'யா 'ஏ'யா? 'டெஃபினிஷன்' என்று சொல்லுங்கள், 'ஐ' தெளிவாகக் கேட்கும். சொந்தம் கைவிடும் இடமும் உண்டு. 'மெயின்டெய்ன்' என்ற வினையைப் பார்த்து 'மெயின்டெனன்ஸ்' எழுதினால் பிழை. அதன் நடுவில் 'ஈ' மட்டும்தான். 'புரொனவுன்ஸ்' என்பதில் இருக்கும் 'ஓ யூ', 'புரொனன்சியேஷன்' ஆகும்போது 'யூ' மட்டுமாகச் சுருங்கிவிடும். இப்படிப்பட்ட துரோகிகள் குறைவு. அவற்றை மட்டும் பாடமாக்கினால் போதும்.

அடுத்தது இரட்டை எழுத்து. என் கணக்கில் நம்மவர்களின் பிழைகளில் இதுதான் மூத்த பிள்ளை. தமிழில் ஒற்று இரட்டித்தால் காதில் விழும், பொருளும் மாறும்: பாடு, பாட்டு, எடு, எட்டு. ஆங்கிலத்தில் மெய் இரட்டித்தாலும் பெரும்பாலும் அந்த மெய் நீண்டு ஒலிப்பதில்லை. காது 'ஒன்றுதான்' என்று சொல்கிறது, கை ஒன்றை எழுதிவிடுகிறது. விருந்தினர் விடுதிப் பலகைகளில் 'அக்கொமொடேஷன்' என்ற சொல் படும் பாட்டைப் பாருங்கள். 'சீ' இரண்டு, 'எம்' இரண்டு வர வேண்டும். ஒன்று 'சீ'யை விழுங்குவார்கள், அல்லது 'எம்'மை. யாழ்ப்பாணத்தில் இது நாலும் சரியாக இருக்கும் பலகையைக் கண்டால் எனக்கு அந்த முதலாளியைப் பார்த்துப் பேச வேண்டும் போல இருக்கும்.

இதற்கு நம்மிடமே மருந்து இருக்கிறது, புணர்ச்சி. மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மரங்கள். பின்னால் வரும் 'க'வைப் பார்த்து 'ம்' தன்னை மாற்றிக்கொள்கிறது. லத்தீனிலும் இதே கதைதான். 'அட்' என்ற முன்னொட்டு 'சீ'யில் தொடங்கும் சொல்லோடு சேரும்போது அதன் கடைசி எழுத்தும் 'சீ' ஆகிவிடும். 'அக்கொமொடேஷன்' என்பது 'அட்' கூட்டல் 'கொம்' கூட்டல் 'மொட்'. மூன்று துண்டு, இரண்டு பொருத்து. ஒவ்வொரு பொருத்திலும் ஓர் இரட்டை. 'அப்பியர்', 'அனவுன்ஸ்', 'அட்டென்ட்' எல்லாம் அதே 'அட்' வேறு வேறு வேடத்தில் வருவதுதான். 'இன்' என்ற எதிர்மறை முன்னொட்டு 'லீகல்' முன் 'இல்' ஆகிறது, 'ரெகுலர்' முன் 'இர்' ஆகிறது. அதனால்தான் அங்கே 'எல்' இரண்டு, 'ஆர்' இரண்டு.

வெறும் கூட்டல் கணக்காகத் தீரும் சொற்களும் நிறைய. 'ரெக்கமென்ட்' என்பது 'ரீ' கூட்டல் 'கொமென்ட்'. ஆகவே 'சீ' ஒன்று, 'எம்' இரண்டு. 'டிஸப்பொயின்ட்' என்பது 'டிஸ்' கூட்டல் 'அப்பொயின்ட்'. நியமனத்தில் இருக்கும் இரட்டைதான் ஏமாற்றத்திலும் இருக்கிறது. 'எஸ்' மட்டும் ஒன்று. எழுத்துப்பிழை விடுவதைக் குறிக்கும் 'மிஸ்ஸ்பெல்' என்ற சொல்லையே பலர் பிழையாக எழுதுகிறார்கள். 'மிஸ்' ஒன்று, 'ஸ்பெல்' ஒன்று, 'எஸ்' இரண்டும் இருக்க வேண்டும்.

வேறு சொற்களில் இரட்டிப்பு வேறு வேலை செய்கிறது: முன்னால் உள்ள உயிர் குறில் என்று அறிவிக்கிறது. 'டின்னர்' என்றால் 'என்' இரண்டு. 'டைனர்' என்றால் ஒன்று. 'ஹொப்பிங்', 'ஹோப்பிங்' வித்தியாசமும் அதுதான்: நொண்டி அடிப்பதற்குப் 'பென்'னின் முதலெழுத்தான 'பீ' இரண்டு, நம்பிக்கை வைப்பதற்கு ஒன்று. நீண்ட வினைகளோடு 'இங்' சேரும்போது, அழுத்தம் கடைசி அசையில் விழுந்தால் இரட்டிக்கும், முதல் அசையில் விழுந்தால் இரட்டிக்காது. 'பிகின்' இரட்டிக்கிறது, 'ஓப்பன்' இரட்டிக்காமல் இருக்கிறது. 'டிராவல்' போல 'எல்'லில் முடியும் வினைகள் இந்த விதியை மீறிப் பிரித்தானிய முறையில் 'எல்'லை இரட்டிக்கும்.

இனி ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்கள். ஒலி உண்மையிலேயே ஒன்றாக இருப்பவை ஒரு வகை. நமக்கு மட்டும் ஒன்றாகக் கேட்பவை இன்னொரு வகை. இரண்டாவது வகைக்குச் சிறந்த உதாரணம் 'லூஸ்'. தளர்வாக இருப்பதற்கு 'ஓ' இரண்டு, முடிவில் பாம்பு சீறுவது போன்ற ஒலி. இழப்பதற்கு 'ஓ' ஒன்று, முடிவில் ரீங்காரம். தமிழ் எழுத்து இரண்டையும் 'ஸ்' என்றே காட்டும், நம் வாயும் அப்படியே சொல்லும். வேலை விண்ணப்பங்களில் 'இந்த வாய்ப்பை இழக்க விரும்பவில்லை' என்று எழுத நினைத்து 'இந்த வாய்ப்பைத் தளர்த்த விரும்பவில்லை' என்று எழுதி வருபவர்களுக்குக் குறைவில்லை. 'அட்வைஸ்' என்ற சொல்லும் அப்படித்தான்: ஆலோசனை என்ற பெயர் 'சீ ஈ'யில் முடியும், ஆலோசனை கூறும் வினை 'எஸ் ஈ'யில் முடியும், ரீங்காரம் வினைக்குத்தான். இந்த ஒரு சோடியைக் காதில் பிடித்துக்கொண்டால், ஒலியில் வேறுபாடே இல்லாத 'பிராக்டிஸ்', 'லைசென்ஸ்' இரண்டும் தீர்ந்துவிடும்: பிரித்தானிய முறையில் பெயருக்குச் 'சீ', வினைக்கு 'எஸ்'.

ஒலி உண்மையிலேயே ஒன்றானவற்றில் யாழ்ப்பாணத்தில் அதிகம் அடிபடுவது 'பிரின்சிபல்'. பாடசாலைக்கு எழுதும் கடிதத்தின் முதல் வரியே 'கொள்கை அவர்களுக்கு' என்று தொடங்கினால் அதிபருக்கு எப்படி இருக்கும்? 'ஏ எல்' என்று முடிவது முதன்மையானது. அதிபரும் அதுதான், வட்டிக்குக் கொடுத்த முதலும் அதுதான். 'எல் ஈ' என்று முடிவது கொள்கை. விதியைக் குறிக்கும் 'ரூல்' என்ற சொல்லும் 'எல் ஈ'யில்தான் முடிகிறது. 'ஸ்டேஷனரி' கடைப்பலகையில் ஈற்றில் 'ஏ ஆர் வை' என்று போட்டால் அசையாத கடை என்று பொருள். காகிதத்துக்கு 'ஈ ஆர் வை'. வேடிக்கை என்னவென்றால் இரண்டும் ஒரு தாய் மக்கள். ஊர் ஊராகத் திரியாமல் ஓரிடத்தில் கடை போட்டு நூல் விற்றவரைத்தான் ஒரு காலத்தில் 'ஸ்டேஷனர்' என்றார்கள். ஆகவே அசையாத கடை என்று எழுதியவரும் வரலாற்றில் முழுப்பிழை விடவில்லை என்று சமாதானம் சொல்லலாம். பலகையை மட்டும் மாற்றத்தான் வேண்டும்.

சிறப்பு மலர் விளம்பரங்களில் 'கொம்ப்ளிமென்ட்ஸ்' வரும். நல்வாழ்த்துக்கு நடுவில் 'ஐ'. 'ஈ' போட்டால் குறையை நிரப்புவது என்ற பொருள் வந்துவிடும். 'அஃபெக்ட்', 'இஃபெக்ட்' பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள்: 'ஏ' பெரும்பாலும் வினை, 'ஈ' பெரும்பாலும் பெயர். மேற்குறி (அப்போஸ்ட்ரஃபி) போடும் 'இட்ஸ்' என்பதை 'இட் இஸ்' அல்லது 'இட் ஹாஸ்' என்று விரித்துப் பாருங்கள், பொருந்தாவிட்டால் குறி வேண்டாம். பன்மைக்கு மேற்குறி போடும் பழக்கத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறும், விட்டுவிடுகிறேன்.

கணினி சிவப்புக் கோடு போடுமே என்று நினைக்காதீர்கள். 'பிரின்சிபல்' இரண்டும் அகராதியில் இருக்கும் சொற்கள், கோடு விழாது. அதைவிட மோசம், தானாகத் திருத்துவது. 'டெஃபினிட்லி' என்பதை 'ஏ' போட்டுப் பிழையாக அடித்தால் சில வேளை கணினி 'டிஃபையன்ட்லி' என்று மாற்றித் தரும். 'நேர்முகத் தேர்வுக்கு நிச்சயம் வருவேன்' என்று எழுத வந்த பிள்ளை 'அடங்க மறுத்து வருவேன்' என்று அச்செடுத்துக்கொண்டு போகும். கோடு மறைந்துவிட்டதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இன்னொரு தொல்லை: பல கணினிகள் அமெரிக்க ஆங்கிலத்தில் அமைந்தபடியே கிடக்கின்றன. 'கலர்', 'சென்டர்' ஆகியவற்றை நாம் பள்ளியில் படித்தபடி எழுதினால் கோடு போடும். நோவா வெப்ஸ்டர் 1828இல் வெளியிட்ட அகராதி வழியாக நிலைபெற்ற முறை அது. அமெரிக்க மிஷனரிமார் 1816இலேயே யாழ்ப்பாணம் வந்து, 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கி ஆங்கிலம் கற்பித்தார்கள். இருந்தும் ஆட்சி பிரித்தானியருடையது, எழுத்துக்கூட்டலும் அவர்களுடையதாகவே நின்றது. இலங்கை அலுவலகங்களுக்கு எழுதும்போது கணினியின் மொழியைப் பிரித்தானிய ஆங்கிலத்துக்கு மாற்றி வையுங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு என்றால் அந்த நாட்டு முறை. ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்க வேண்டாம்.

பயிற்சிக்கு ஒரு தந்திரம்: எழுதும்போது சொல்லை மனதுக்குள் பச்சைத் தமிழ் உச்சரிப்பில், ஒவ்வோர் எழுத்தையும் ஒலித்து வாசியுங்கள். 'வெட்-நெஸ்-டே', 'கவர்ன்-மென்ட்', 'ஃபெப்-ரு-அரி', 'செப்-ஏ-ரேட்'. ஆங்கிலேயன் கேட்டால் சிரிப்பான்; ஆனால் அவன் விழுங்கும் எழுத்தை நீங்கள் விழுங்கமாட்டீர்கள். நீங்கள் விட்ட பிழைகளை மட்டும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வீட்டில் யாரையாவது சொல்வதெழுதுதல் வைக்கச் சொல்லுங்கள், தங்கையாக இருந்தால் இன்னும் நல்லது, அவள் புள்ளி குறைக்கத் தயங்கமாட்டாள்.

மேலே சொன்ன எதுவும் செல்லாத இடம் ஒன்று உண்டு: பெயர். கந்தசாமியின் 'ந்த'வில் வரும் 'த'வுக்கு ஒருவர் 'டெபிட்'டின் முதலெழுத்தான 'டீ' போடுவார், இன்னொருவர் 'டிக்கெட்'டின் முதலெழுத்தோடு 'ஹெச்' சேர்த்து இரண்டெழுத்தாகப் போடுவார், இரண்டும் சரி. எங்களில் பலரின் பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருப்பதால் ஆங்கிலப் பெயர் மொழிபெயர்ப்பவரின் கையில் பிறக்கிறது. கடவுச்சீட்டில் ஒன்று, பரீட்சைச் சான்றிதழில் ஒன்று, மொழிபெயர்ப்பில் மூன்றாவது என்று வந்து நிற்பவர்கள் பலர். மொழிபெயர்க்கக் கொடுக்கும்போதே கடவுச்சீட்டின் பிரதியையும் சேர்த்துக் கொடுத்து, அதில் உள்ளபடி போடச் சொல்லிவிடுங்கள்.