கற்பூரவல்லிச் சாறு தொண்டையில் எரிவதும், செடி அழுகுவதும்

ஓசூரிலிருந்து கேட்டவருக்கு: இலையை மிக்ஸியில் அரைத்துப் பிழிந்த சாற்றை ஐந்து வயது மகன் எரிகிறது என்று துப்புகிறான், தொட்டிச் செடியும் அடித்தண்டு கறுத்து அழுகுகிறது என்றீர்கள்.

பச்சையாக அரைப்பதுதான் பிழை. இலையிலேயே இருக்கும் கார்வக்ரோல், தைமால் என்ற வாசனை எண்ணெய்ப் பொருட்களின் காரம் அப்படியே சாற்றில் இறங்கிவிடும். நடுத்தர இலை 3 எடுத்துக் கழுவி, ஈரம் ஒற்றி, தோசைக்கல்லில் சிறு தீயில் இருபுறமும் வாட்டுங்கள். மொடமொடவென்று ஒடிகிற இலை ஈரத்துணிபோல் துவண்டு, பச்சை மங்கும், அதுதான் பதம். கருகினால் கசக்கும். ஆறியதும் கையால் பிழிந்து, அரை டீஸ்பூன் சாற்றில் அதே அளவு தேன் கலந்து சாப்பாட்டுக்குப் பின் கொடுங்கள். (ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.) சளியோடு காய்ச்சலோ மூச்சிரைப்போ இருந்தால் இதை நம்பி உட்காராமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

சாறே வேண்டாமென்றால் துவையல். 10 இலையை நீர் வற்ற வதக்கி, வறுத்த உளுந்து 2 ஸ்பூன், வரமிளகாய் 2, கொஞ்சம் புளி, தேங்காய், உப்பு சேர்த்து அரையுங்கள். சூடான கேழ்வரகுக் களிக்கு இதற்கு ஈடு கிடையாது.

செடிக்குத் தண்ணீர்தான் எமன். அழுகலுக்கு மேலே வெட்டி, ஒருநாள் நிழலில் காயவைத்து, செம்மண்ணும் மணலும் சரிபாதி கலந்து நடுங்கள். மேல்மண் விரலளவு காய்ந்தபின் ஊற்றினால் போதும்.