உதவி நாயாகப் போகும் குட்டியை வீட்டில் வளர்த்துக் கொடுப்பவர்கள் என்னதான் செய்கிறார்கள்? வளர்த்தபின் பிரிய மனம் வருமா? மலேசியாவில் இது நடக்குமா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குட்டியை வளர்ப்பவர் பார்வையற்றவருக்கு வழிகாட்டும் வேலையை அதற்குக் கற்றுக்கொடுப்பதில்லை. அது பின்னாளில் பயிற்சி மையத்தில் நடப்பது. எதைக் கண்டும் மிரளாத, மனிதர்களை நம்புகிற ஒரு நாயை உருவாக்கித் தருவதுதான் வளர்ப்பவரின் வேலை. இதுதான் கடினமானது என்பது என் எண்ணம்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். மெல்பர்னில் தாதியாக வேலை பார்த்த காலத்தில், அங்குள்ள வழிகாட்டி நாய் அமைப்பு ஒன்றுக்காக ஒரு கறுப்பு லாப்ரடார் குட்டியை வளர்த்தேன். தீனிச் செலவும் மருத்துவச் செலவும் அவர்களுடையது. வீடும் நேரமும் நம்முடையவை.

குட்டி ஏறக்குறைய எட்டு வார வயதில் வந்துசேரும். அந்த வயதுக்குக் காரணம் இருக்கிறது. மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரைதான் நாய்க்குட்டி புதியவற்றைச் சுலபமாக ஏற்றுக்கொள்ளும். அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் பல ஆண்டுகள் குட்டிகளைக் கவனித்து 1965இல் வெளியிட்ட ஆய்வு இதை விரிவாகக் காட்டியது. அந்தப் பருவத்தில் ரயில் சத்தம், குடை, சக்கர நாற்காலி, தலைக்கவசம் போட்ட ஆள், அழும் குழந்தை எல்லாம் பழகிவிட்டால் பிறகு பயம் இல்லை. தடுப்பூசிகள் முடியாததால் தரையில் விட முடியாது. கையில் தூக்கிக்கொண்டே கடைத்தெருவில் நிற்க வேண்டும். பேருந்து நிறுத்தத்தில் சும்மா உட்கார்ந்து போகிற வருகிற வண்டிகளைக் காட்டுவதும் பயிற்சிதான்.

வளர வளர ஒழுங்குகள் கூடும். சொன்ன இடத்தில் சிறுநீர் கழிக்க வேண்டும். தட்டு முன்னால் இருந்தாலும் அனுமதி வரும்வரை தொடக்கூடாது. கடையில் மேசைக்கு அடியில் படுத்துக் காத்திருக்க வேண்டும். கோழி, பூனை, புறா எது போனாலும் துரத்தக்கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, கீழே விழுந்ததைத் தின்னக்கூடாது என்பது. பார்வையற்ற ஒருவரைச் சாலையில் கூட்டிப்போகும் நாய், வழியில் கிடக்கும் கோழி எலும்புக்குத் திரும்பினால் ஆபத்து அவருக்குத்தான். தோட்டத்தில் நாய் என்றால் மிஞ்சின சோறும் மீன் முள்ளும் போடுவதுதான் அன்பு என்று வளர்ந்த எனக்கு, ஊட்டாமல் அன்பு காட்டப் பழக வேண்டியிருந்தது.

பிரிவு பற்றி. “வளத்து வளத்து யாருக்கோ தூக்கிக் குடுக்கவாடி?” என்று அம்மா தொலைபேசியில் கேட்டார். அம்மா பால்வெட்டப் போன காலத்தில் எங்களையெல்லாம் ஆயா கொட்டகையில் ஒரு கிழவிதான் பார்த்துக்கொண்டார். அவர் வளர்த்த பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். அதற்காக அவர் பாசத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை. இதைச் சொன்னபோது அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “சரி, அது நல்லா சாப்பிடுதா?” என்றார்.

ஆம், அழுகை வரும். குட்டிக்கு ஒரு வயது தாண்டியதும் மையத்துக்குத் திரும்பும். அங்கே சில மாதங்கள் பயிற்சி. இடுப்பு எலும்புக் குறை, அடிக்கடி வரும் காதுத் தொற்று, சத்தத்துக்குப் பதறும் குணம் என்று பல காரணங்களால் எல்லாக் குட்டிகளும் தேறுவதில்லை. தேறாதவை வேறு வேலைக்கோ, நல்ல வீட்டுக்கோ போகும். வளர்த்தவரிடமே முதலில் கேட்பதும் உண்டு. என் குட்டி தேறியது. பார்வை இழந்த ஓர் ஆசிரியையோடு அது கைப்பிடி மாட்டி நடந்ததைப் பார்த்தபோது எனக்குள் இருந்தது பெருமைதான், இழப்பு அல்ல.

இப்போது நம் ஊர். என் மாமாவுக்குச் சர்க்கரையால் கண் போய்விட்டது. நம் இனத்தில் நீரிழிவு எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரியும். 2019 தேசிய சுகாதார ஆய்விலும் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். ஆகவே இது நமக்குத் தூரத்து விஷயம் இல்லை. “ரோட்டு லைட்டு பச்சையாச்சுன்னு நாய்க்கு எப்படிம்மா தெரியும்?” என்று மாமா கேட்டார். தெரியாது மாமா, எப்போது கடப்பது என்று காதால் கேட்டு முடிவெடுப்பது நீங்கள்தான் என்றேன். நீங்கள் சொல்லியும் வண்டி வந்தால் நாய் நகராது. அப்படிக் கட்டளையை மீறவும் அதற்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். மாமா அதை மிகவும் ரசித்தார்.

ஆனால் அவருக்கு நாய் கிடைத்தாலும் எங்கே நடப்பார்? கடைவரிசையின் ஐந்தடி நடைபாதையில் மோட்டார்சைக்கிள்கள் நிற்கின்றன. 2014இல் ஸ்டீவன்ஸ் சான் என்ற பார்வையற்றவர் லாஷான் என்ற வழிகாட்டி நாயோடு கோலாலம்பூரில் நடமாடத் தொடங்கியபோது பல இடங்களில் உள்ளே விடவில்லை. ஜப்பானில் இப்படிப்பட்ட நாய்களை உள்ளே விடுவதற்கென்று 2002 முதலே தனிச் சட்டம் இருக்கிறது. முஸ்லிம் அண்டை வீட்டாரின் தயக்கத்தை நான் மதிக்கிறேன். நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒருமுறை மண் கலந்த நீரால் என்பது அவர்கள் நெறி. யாரையும் நக்காமல், முகராமல், உரியவர் காலடியில் கிடக்கும் நாய் என்று விளக்கினால் பலர் காது கொடுத்துக் கேட்கிறார்கள். என் அனுபவம் அது.

எனக்கு அதைவிடக் கவலை தருவது நம் தெருநாய்கள். வழிகாட்டி நாயை வேறு நாய் ஒருமுறை கடித்துக் குதறினால், காயம் ஆறியும் பயத்தால் அது வேலைக்கே உதவாமல் போகலாம். தோட்ட வீடுகளில் பகல் முழுக்கச் சங்கிலியில் கிடந்து, இரவில் அவிழ்த்துவிடப்படும் நாய்கள் மிரட்சியிலும் வெறியிலும்தான் வளர்கின்றன.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, அங்குள்ள அமைப்புகள் வளர்ப்பவர்களைத் தேடிக்கொண்டே இருக்கின்றன, விண்ணப்பியுங்கள். ஊரில் இருப்பவர்கள் உங்கள் நாய்க்குக் கருத்தடை செய்யுங்கள், சங்கிலியை அவிழ்த்து வாரில் கட்டி நடக்கப் பழக்குங்கள். சேணம் போட்ட நாயைக் கண்டால் கூப்பிடாமல், தொடாமல், எதுவும் போடாமல் வழிவிடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். கடை வைத்திருப்பவர்கள் நடைபாதையில் நிற்கும் மோட்டார்சைக்கிள்களை இன்றைக்கே எடுக்கச் சொல்லலாம். என் மாமா இப்போது கோலோடுதான் அந்த வழியே நடக்கிறார்.