மாத்திரை தீரும்வரை காத்திருக்க வேண்டாம், தம்பி

குன்னூரிலிருந்து இங்கிலாந்து வந்து மூன்று வாரம் ஆகிறது, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ஆறு மாத மாத்திரை கையில் இருக்கிறது, தீர்ந்தால் ஊரிலிருந்து கூரியரில் வரவழைத்துக்கொள்ளலாமா, இங்கே டாக்டர் அவசியமா என்று கேட்டிருந்தீர்கள்.

அவசியம் தம்பி. இந்த வாரமே வீட்டுக்குப் பக்கத்து ஜி.பி. சர்ஜரியில் (குடும்ப டாக்டரின் கிளினிக்கை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) பெயரைப் பதிந்துவிடுங்கள். அதற்குக் காசு கிடையாது. முகவரிச் சான்று இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என்பது விதி. மாத்திரையின் பிராண்ட் பெயரைச் சொன்னால் இங்கே புரியாது. மெட்ஃபார்மின், அம்லோடிபின் என்று மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் எழுதிக் கொண்டுபோங்கள். அப்புறம், அளவு முறையும் வேறு. ஊரில் 180 என்று பார்த்த சர்க்கரை இங்கே 10 என்று வரும். குறைந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் என் அப்பா. கோத்தகிரியில் இருந்தார். சர்க்கரை ஏறும்போதெல்லாம் மேட்டுப்பாளையம் வழியாகக் கோயம்புத்தூருக்கு இறங்குவோம். ஒரு தடவை பார்த்த டாக்டரை மறு தடவை பார்த்ததில்லை. ஆளாளுக்கு மாத்திரையை மாற்றினார்கள், சாக்ஸைக் கழற்றச் சொன்னவர் ஒருவருமில்லை. மலைக் குளிருக்கு அப்பா தூங்கும்போதும் சாக்ஸ் போட்டிருப்பார். துவைக்கும்போது அதில் கறையைப் பார்த்து அம்மாதான் கட்டைவிரலுக்கு அடியில் புண் இருப்பதைக் கண்டுபிடித்தார். "வலியே இல்லையேம்மா" என்றார் அப்பா. விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

எனக்கும் சர்க்கரை வந்தது. இங்கே வருடம் ஒரு முறை சர்ஜரியில் கூப்பிட்டு ரத்தம், சிறுநீர், பிரஷர் பார்ப்பார்கள்; கண்ணைப் படமெடுக்கத் தனியாகக் கடிதம் வரும். சர்க்கரையால் கால் மரத்துப்போயிருக்கிறதா என்று பார்க்க, நர்ஸ் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலான் இழையால் கால் விரலைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார். முதல் முறை அங்கேயே அழுதுவிட்டேன். அப்பாவுக்கு வேண்டியிருந்தது அந்த இரண்டு நிமிடம்தான்.

அம்மாவுக்கு இப்போது ஊரிலேயே அந்த மாதிரிக் கவனிப்பு கிடைக்கிறது. 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஒரு பெண் படியேறி வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை தருகிறார். "போன தடவைக்கு இப்போ கால் வீங்கின மாதிரி இருக்கே" என்று முதலில் சொன்னவர் அவர்தான். போன தடவையும் பார்த்தவர் என்பதால்தானே அவர் கண்ணுக்கு அது பட்டது!

இங்கே அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது லேசில்லை, காலை எட்டு மணிக்கே ஃபோனைப் பிடிக்க வேண்டும். சலிக்காதீர்கள். முடிந்தவரை ஒரே டாக்டரை, ஒரே நர்ஸைக் கேளுங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு இங்கிலாந்தில் மருந்துக் கட்டணம் இல்லை. சர்ஜரியில் விலக்குச் சான்றிதழுக்கான ஃபாரம் கேட்டு வாங்குங்கள். பிரஷர் மாத்திரைக்கும் அதுவே செல்லும். கால் பார்க்கும் நாளில் கழற்றுவதற்குச் சுலபமான ஷூ போட்டுப் போங்கள்.